கைப்பிடிகள் இறுகும் நேரம்

முதல் கைப்பிடியைப் பட்டையின் நுனியில் மாட்டி அறவாழி விரல்களால் பற்றிக்கொண்டபோது அது குளிர்ந்துதான் இருந்தது. இனிமேல்தான் சூடாகும். பல் செட் செய்கிற பவுடரையும் அதற்கான திரவத்தையும் சேர்த்துக் குழைத்தால் முதலில் நூல் இழுக்கும், பிறகு மாவாகும், பிறகு யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே சூடேறிக் கல்லாகிவிடும். அதுவரை ஆடாமல் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. விமானத்தின் கைப்பிடிகளைப் பல் செட் பவுடரில் வார்த்த ஆள் உலகத்தில் வேறு யாராவது உண்டா என்று அவருக்குத் தெரியாது. உண்டு என்றால் அந்த ஆளும் அவரைப்போல ஒரு பல் லேபில்தான் வேலை பார்க்க வேண்டும். வெள்ளைப் பவுடர் தீர்ந்துபோயிருந்த நாளில் பொறுமையில்லாமல் ஈறு நிறப் பவுடரிலேயே வார்த்துவிட்டார். நான்கு கைப்பிடிகளும் இளஞ்சிவப்பாக மேஜையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, யாருக்குப் பல் கட்டறீங்க, யானைக்கா என்று கேட்டுத் தமயந்தி ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சாம்பல் பெயின்ட் அடித்தார். இன்றைக்கு அவற்றைப் பட்டைகளில் ஒட்டுவதும் அதே பவுடர்க் குழைவால்தான். மகள் பூவிழி கல்யாணமாகி ஆஸ்திரேலியா போனதும் காலியான அறை இது. இப்போது அதில் முக்கால்வாசி இடத்தை ப்ளைவுட்டில் செய்த ஒரு விமானத்தின் மூக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே புதுப்பேட்டையில் வாங்கிய பழைய கார் சீட் ஒன்று, எதிரே மூன்று கம்ப்யூட்டர் திரைகள், சீட்டுக்கு வலதுகைப் பக்கம் இடுப்புயரத்தில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்து நான்கு இரும்புப் பட்டைகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பட்டையைத் தள்ளினால் திரையில் விமானம் சொன்னபடி கேட்கும். இத்தனை நாளாக மொட்டைப் பட்டையைப் பிடித்தே ஓட்டியாயிற்று, கையில் தழும்புகூட விழுந்துவிட்டது. இன்றைக்குத்தான் கைப்பிடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் ஜன்னலில் இருக்கிறது, மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, விரலுக்கு அடியில் கைப்பிடி லேசாக, நிஜமாகவே லேசாக, வெதுவெதுப்பாக ஆரம்பித்திருக்கிறது.

ஹாலில் தமயந்தி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டிவி ஓடவில்லை. டிவி ஓடாமல் அவள் கீரை ஆய்கிறாள் என்றால் யோசிக்கிறாள் என்று அர்த்தம், அவள் யோசிக்கிறாள் என்றால் சாயங்காலத்தைப் பற்றித்தான். சாயங்காலம் பூவிழி ஃபோன் பண்ணுவாள். போன ஞாயிற்றுக்கிழமை பண்ணியபோதே கேட்டாள், டிக்கெட் போட்டுடட்டுமாப்பா என்று. அடுத்த வாரம் சொல்றேன் என்றார். அதற்கு முந்தைய வாரமும் அதையேதான் சொன்னார். அடுத்த வாரம் என்பது எப்போதும் தூரத்தில் இருக்கிற மாதிரி ஓர் ஏமாற்று, வந்து வாசலில் நின்றுவிட்டால்தான் தெரிகிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும், அவர்கள் பக்கத்தில் அதில் யாரும் இரண்டாம் பேச்சு பேசியதில்லை. ஆனால் பூவிழிக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, அவள் இருக்கிற பெர்த் நகரத்து டாக்டரம்மா விமானம் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஆக, மகள் தாய் வீட்டுக்கு வர முடியாது, தாய் வீடுதான் பறந்து மகளிடம் போக வேண்டும். மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் வேலை, இரண்டு வாரம் பாலைவனத்தில், இரண்டு வாரம் வீட்டில். அவர் வீட்டிலிருக்கிற வாரமா என்று கேட்டுக்கொண்டா வலி வரும். தமயந்தி தனியாகப் போவாளா என்றால் போகமாட்டாள். அதை அவள் ஒளிக்கவும் இல்லை. நடுவில் சிங்கப்பூரில் இறங்கி இன்னொரு விமானம் மாற வேண்டுமாம், எந்தப் பக்கம் நடக்கணும்னு கேக்கக்கூட எனக்கு இங்கிலீஷ் வராது, நீங்க இருந்தாத்தான் போவேன், இல்லன்னா அவ பாட்டை அவ பார்த்துக்கட்டும் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு சமையலறையில் போய் அழுதாள். அவர் அதைக் கேட்டார். கேட்டும் கேட்காதவர்போல இந்த அறைக்குள் வந்து பட்டைக்கு எண்ணெய் போட்டார். இந்த இடத்தில் அறவாழியை யாராவது நாலு திட்டுத் திட்டினால் அவருக்கே சந்தோஷமாக இருக்கும்.

கைப்பிடி இப்போது நன்றாகவே சூடு. ஜுரக்காரக் குழந்தையின் நெற்றிச் சூடு. பூவிழிக்கு அடிக்கடி ஜுரம் வரும் சின்ன வயதில், இதே அறையில்தான் படுத்திருப்பாள், லேபிலிருந்து வந்து நெற்றியில் கை வைத்தால் கண்ணைத் திறக்காமலே அப்பா என்பாள். எப்படிடா தெரிஞ்சுது என்றால் நாத்தம் என்பாள். இந்தத் திரவத்தின் வாசனை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது, மூக்கில் ஏறிக் கண்ணோரம் சுள்ளென்று குத்தும். அவருக்கு அது வாசனை, வீட்டில் எல்லோருக்கும் நாற்றம். அந்தப் பெண்தான் இப்போது வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஃபோன் திரையில் உட்கார்ந்து, அப்பாவுக்கென்ன, அவரே ஓட்டிட்டு வந்துடுவார் என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பக்கத்தில் இருந்த தமயந்தியும் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவரே ஓட்டிட்டு வந்துடுவார். தலைக்கு மேலே ஒரு விமானம் போகிறது. விமான நிலையத்தை ஒட்டிப் பொழிச்சலூரில் வீடு கட்டிக்கொண்டால் இதுதான், பேச்சை நடுவில் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஜன்னல் கண்ணாடி முதலில் முனகும், பிறகு அதிரும், பிறகு சமையலறையில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். சத்தத்தை வைத்தே இறங்குகிறதா ஏறுகிறதா என்று அவர் சொல்வார், பெரியதா சின்னதா என்று சொல்வார், இன்ஜின் எந்த வகை என்றுகூடச் சொல்வார். தெருவில் அதற்கே ஒரு மரியாதை உண்டு. பால் வாங்கப் போனால், சார், பைலட் சார் என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது இறங்குகிறது. இறக்கையை நீட்டிவிட்டார்கள், காற்று கிழிபடுகிற சத்தம் கேட்கிறது. இன்னும் கொஞ்சத்தில் சக்கரம் தரையைத் தொடும், கதவைத் திறப்பார்கள். கதவு. அவரே ஓட்டிட்டு வந்துடுவார். கையை எடுத்துப் பார்த்தார், கைப்பிடி ஆடவில்லை, கல்லாகிவிட்டது.

இரண்டாவதற்குக் குழைத்தார். முதல் இரண்டும் இன்ஜினுக்கானவை, இடது இன்ஜினுக்கு ஒன்று, வலது இன்ஜினுக்கு ஒன்று, இரண்டையும் ஒரே உள்ளங்கையால் தள்ளும்படி பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். கொஞ்சம் முன்பின்னாக நின்றாலும் கண்ணுக்கு உறுத்தும். முன்பற்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறபோது பார்க்கிற அதே ஒழுங்கு, அதே ஒற்றைக் கண்ணை மூடிய பார்வை. மாட்டிப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் சும்மா இருக்க வேண்டிய நேரம். சும்மா இருக்கிற நேரம்தான் ஆபத்து, அறவாழிக்கு அது தெரியும், அப்போதுதான் பம்பாய் வரும். பம்பாய் என்றால் பம்பாய் இல்லை, பம்பாய்க்குப் போகாத கதை. பூவிழி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். பல் சாமான்கள் கண்காட்சி என்று லேப் முதலாளி அவருக்கும் சேர்த்து விமான டிக்கெட் வாங்கியிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. புதுச் சட்டை, புது ஷூ. ஏறும் வரை ஒன்றுமில்லை, சந்தோஷம்தான், பெல்ட்டைப் போட்டார், பக்கத்தில் முதலாளி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் முன்பக்கம் ஒரு பெண் கதவுப் பக்கம் நடந்து போனாள். கதவைச் சாத்தக்கூட இல்லை, சாத்துவதற்காக நடந்துதான் போனாள். அவ்வளவுதான், அவருடைய காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது, உள்ளங்கை நனைந்தது, மூச்சு இருக்கிறது ஆனால் உள்ளே போகமாட்டேன் என்கிறது. எழுந்துவிட்டார். வயித்து வலி சார், தாங்க முடியல என்றார். நடைபாதையில் எல்லோரும் காலை மடக்கி வழிவிட்டார்கள். பாவம் என்று ஒரு பாட்டியம்மா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. கீழே இறங்கி வெயிலில் நின்றதும் வலி இல்லை, மூச்சு வந்துவிட்டது, பசிகூட எடுத்தது. அன்றைக்கே ரயிலில் போனார், கண்காட்சியில் பாதியைப் பார்த்தார், வீட்டுக்குத் திரும்பியதும் பூவிழி கேட்டாள், மேகம் பக்கத்துல எப்படிப்பா இருந்துச்சு என்று. பஞ்சு மாதிரி இருந்துச்சுடா என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல எத்தனையோ நாள் இருந்தது, ஒரு நாளும் தோதாக அமையவில்லை.

அதற்கப்புறம்தான் இதெல்லாம். இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். விமானத்தின் மேல் இருக்கிற பைத்தியத்தில் கட்டினார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆரம்பத்தில் அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது. தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நம்பினார். புத்தகம் வாங்கினார், கம்ப்யூட்டர் வாங்கினார், ஒவ்வொரு சத்தத்துக்கும் காரணம் கண்டுபிடித்தார். புறப்பட்டதும் அடியில் டமால் என்று கேட்டால் சக்கரம் உள்ளே போகிறது, சத்தம் சட்டென்று குறைந்தால் இன்ஜின் நிற்கவில்லை, ஏறும் வேகத்தைக் குறைக்கிறார்கள். எல்லாம் தெரிந்தது. தெரியத் தெரியப் பிடித்துப்போயிற்று, பிடித்துப்போனதும் ப்ளைவுட் வந்தது, சீட் வந்தது, பெட்டி வந்தது. பயம் மட்டும் போகவில்லை, அது தன் பாட்டுக்கு ஒரு மூலையில் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று சில சமயம் தோன்றும். முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் பல் கட்டுகிறார், ஒரு வாயையாவது நேரில் பார்த்திருக்கிறாரா. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புகிறார்கள், அதில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தால் தாடை வரும், வெள்ளையாக, வலிக்காத தாடை. அதன்மேல் பல்லை அடுக்கி அனுப்பினால் எங்கேயோ யாரோ முறுக்கு கடிக்கிறார்கள். இதுவும் அப்படித்தான். திரையில் அவர் பெர்த்துக்குப் போய் இறங்கியிருக்கிறார், ஒரு தடவை இல்லை, ஞாயிற்றுக்கிழமை தோறும். வங்காள விரிகுடா, சுமத்ரா, அதற்கப்புறம் வெறும் தண்ணீர், மணிக்கணக்கில் தண்ணீர். தமயந்தி காபியோடு வந்து எட்டிப்பார்த்து, எங்கே இருக்கீங்க என்பாள், இன்னும் தண்ணிமேலதான் என்பார். கடைசியில் கரை தெரியும், ஓடுபாதை விளக்குகள் தெரியும், மெத்தென்று இறக்குவார், இன்ஜினை நிறுத்துவார். ஆனால் பூவிழி இல்லாத பெர்த் அது. இரண்டாவது கைப்பிடியும் இறுகிவிட்டது. உள்ளங்கையை இரண்டின் மேலும் வைத்துத் தள்ளிப் பார்த்தார். ஒரே மாதிரி போயின, ஒரே மாதிரி வந்தன. அடடா என்று வாய்விட்டுச் சொன்னார்.

மூன்றாவது இடதுகோடியில் இருக்கிற பட்டைக்கு. இறக்கையின் மேல் தகடுகளைத் தூக்கிக் காற்றை மறிக்கிற பிடி. வேகம் அடங்காதபோது இழுப்பது. நீளமாக, சற்று சப்பையாகச் செய்திருந்தார். குழைத்தபோது திரவம் ஒரு சொட்டு அதிகமாகிவிட்டது, அதனால் இது இறுக நேரமாகும். ஆகட்டும். எதற்கு அவசரம். சாயங்காலம் வரத்தான் போகிறது. வேலை மிச்சம் இருக்கிறவரை சாயங்காலம் வராது என்கிற மாதிரி மத்தியானம் சாப்பிட்ட கையோடு இதை ஆரம்பித்தார் என்பதை அறவாழி தன்னிடமே ஒப்புக்கொள்ளத் தயாரில்லை, ஆனால் அதுதான் நடந்தது. பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது என்று முதலில் சொன்னார், தமயந்தி இருவருக்கும் புதுப்பிக்க ஆள் பிடித்துவிட்டாள். லேபில் லீவு தரமாட்டார்கள் என்றார், முதலாளியே ஃபோன் பண்ணி பேத்தியைப் பார்த்துட்டு மெதுவா வா என்று சொல்லிவிட்டார். அது பேத்திதான் என்று அந்த மனிதர் எப்படி முடிவுகட்டினாரோ. வீட்டைப் பூட்டிட்டு எப்படி என்றார், மாடிவீட்டுக்காரர்கள் சாவியை வாங்கிக்கொள்ளத் தயார். ஒவ்வொரு சாக்காக அவிழ்த்துப்போட்டு இப்போது உடம்பில் ஒட்டுத்துணிகூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிட முடியாதா. தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு. மாத்திரை போட்டும் அந்தப் பெண் கதவுப் பக்கம் நடந்துபோகிறபோது எழுந்துவிட்டால். தமயந்தி ஜன்னல் பக்கம் திகைத்து உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் நடைபாதையில் இறங்கி ஓடினால். அவள் என்ன செய்வாள், கூடவே இறங்குவாளா, இறங்கத்தான் செய்வாள், பெட்டியில் பருப்புப் பொடியும் பிள்ளைக்கு உரைமருந்தும் பழந்துணியுமாக. அங்கே பூவிழி விமான நிலையத்தில், இல்லை, அவள் ஏன் விமான நிலையத்துக்கு வரப்போகிறாள், வீட்டில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தனியாக. மாப்பிள்ளை சுரங்கத்தில். வலி எடுத்தால் யாரைக் கூப்பிடுவாள். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பூவிழியின் பெயரே சரியாகச் சொல்ல வராதாம், பூ மட்டும் சொல்வாளாம். பயமில்லையாடி உனக்கு என்று தமயந்தி கேட்டதற்கு, எனக்கென்னம்மா பயம், நான் அப்பா பொண்ணு என்றாள். அதைக் கேட்டுத்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சூடு இப்போதுதான் வருகிறது, மெதுவாக, பயப்படாதே என்கிற மாதிரி.

நாலாவது கைப்பிடி அவருக்கு மிகவும் பிடித்தது. வலதுகோடிப் பட்டைக்கானது, இறக்கையின் பின்விளிம்பை நீட்டி இறக்குகிற பிடி, அதனால் அதன் உருவமும் ஒரு குட்டி இறக்கைபோலவே இருக்க வேண்டும் என்று விதி. சக்கரத்தை இறக்குகிற பிடி முன்பலகையில் இருக்கிறது, அது குட்டிச் சக்கரம்போல இருக்கும். ஏன் என்றால், கண்ணால் பார்க்க முடியாதபோதும் கை கண்டுபிடிக்க வேண்டும். இருட்டில். புகையில். இதைப் படித்த அன்று புகை என்கிற வார்த்தையிலேயே நின்றுவிட்டார், அதைத் தாண்டி அந்தப் பக்கத்தைப் படிக்க முடியவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் எவ்வளவு அக்கறை. யாரோ ஒருத்தர், பயந்துபோன ஒரு கையை நினைத்துப் பார்த்து, அந்தக் கைக்காக இதைச் செதுக்கியிருக்கிறார். பயப்படமாட்டார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. பயப்படுவார்கள், அப்போதும் வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வார்ப்பதற்கு முன்னால் மெழுகில் அந்தக் குட்டி இறக்கையை அவர் ஆற அமரச் செதுக்கினார், விளிம்பைக் கடைவாய்ப்பல்லின் விளிம்பு மாதிரி வழவழப்பாக்கினார். கண்ணை மூடித் தடவினால் இறக்கைதான். இப்போதும் கண்ணை மூடித் தடவினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிஜ விமானத்தில் இந்தப் பிடி இடதுபக்கம் உட்கார்ந்திருக்கிறவருக்கு இல்லை, வலதுபக்கத்துக்காரர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. இவர் சொல்வார், அவர் இழுப்பார். ஒரே ஆளாக இறக்குகிற விமானம் இல்லை அது. இங்கே வலதுபக்கம் சீட் போட இடமில்லை, பூவிழியின் துணி அலமாரி நிற்கிறது. அதனால் எல்லாவற்றையும் தானே எட்டி எட்டிச் செய்துகொள்கிறார், சொல்கிறவரும் அவரே, சரி என்கிறவரும் அவரே. எட்டிப் பிடித்ததில் தோள் வலித்தது. ஹாலில் கீரைக் காம்பு ஒடிகிற சத்தம் நின்றிருந்தது. எழுந்திருக்கிறாள். காபி போடுவாள், அதற்கப்புறம் ஃபோன். சொல்லிவிடலாமா. எப்படிச் சொல்வது. தமயந்தி, எனக்கு. எனக்கு என்ன. உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாள். எனக்கு வர இஷ்டமில்லை என்றால் அது பொய், பெர்த்தில் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்போல் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நடுவில் இருக்கிற ஒரு கதவுதான். பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். சூடு ஏறி, நின்று, மெல்ல இறங்க ஆரம்பித்தது. அவர் கையை எடுத்தார்.

நான்கும் நின்றன. பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மொட்டைப் பட்டைகளாக இருந்தவரை ஏதோ வெல்டிங் கடைச் சாமான், இப்போது விமானம். அறவாழி சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் நகர்த்தினார், இனி ஒன்றே ஒன்று, பெட்டியின் மேல்மூடியைப் போட்டுவிட்டால் முடிந்தது. மூடி அலமாரியில் சாய்ந்து நின்றது. அலுமினியத் தகடு, நான்கு நீளப் பிளவுகள், பட்டை மட்டும் நுழைகிற அளவுக்கு, பிளவோரத்தில் வெள்ளை எழுத்தில் எண்கள். போன மாதம் முழுக்க அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தார். தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்கு மேலே பிடித்தார். பிடித்தபடி நின்றார். முதலில் அவருக்குப் புரியவில்லை, ஏதோ தப்பு என்பது மட்டும் கைக்குத் தெரிந்தது, கண்ணுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. பிளவு விரலகலம்கூட இல்லை. கைப்பிடி இரண்டு விரல் அகலம். மூடியைப் போட்டுவிட்டுப் பட்டைகள் வெளியே வந்த பிறகு மாட்ட வேண்டிய கைப்பிடிகளை மூடியைப் போடாமலே மாட்டி, அதுவும் ஒட்டி, அதுவும் இனி உலகத்தில் எதுவும் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிட்டிருக்கிறார். லேபில் சேர்கிற பையன்களுக்கு முதல் நாள் அவர் சொல்லிக்கொடுக்கிற பாடமே வைத்துப்பார், கழற்று, மறுபடி வைத்துப்பார், அப்புறம்தான் ஒட்டு என்பதுதான். கைக்குப் பழகிப்போன இந்த ஒழுங்கு ஒரு நாளும் தவறியதில்லை. இன்றைக்கு ஒரு கைப்பிடிக்குக்கூட அது ஞாபகம் வரவில்லை, நான்கிலும் வரவில்லை. அறவாழிக்குக் கோபம் வரவில்லை. மூடியைப் பிடித்தபடி நிற்கிற தன்னை, பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி பார்த்தார், பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

தமயந்தி இரண்டு டம்ளரோடு வந்தாள். ஒன்றை அவருக்கு நீட்டினாள், அவர் கை மூடியில் இருந்தது, அதனால் அலமாரிமேல் வைத்தாள். கைப்பிடிகளைப் பார்த்து, நல்லா வந்திருக்கே என்றாள். அப்புறம் மூடியைப் பார்த்தாள். மறுபடி கைப்பிடிகளைப் பார்த்தாள். அந்தப் பிளவுகளை அவர் அரத்தால் ராவுகிறபோது தகடு ஆடாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

"இதை இனிமே எப்படிப் போடுவீங்க?" என்றாள்.

"போட முடியாது."

"ஒட்டிட்டீங்களா?"

"ஒட்டிட்டேன்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை. சீட்டுக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த இடுக்கில் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவர் கையிலிருந்த மூடியை வாங்கிச் சுவரில் சாய்த்தாள்.

"ஒரு பல்லு கோணலா இருந்தா சோறு திங்காம சரிபண்ற ஆளு நீங்க. என்ன ஆச்சு உங்களுக்கு? ஒரு மாசமாவே நீங்க நீங்களா இல்ல."

தலைக்கு மேலே இன்னொன்று வந்தது. கண்ணாடி முனகியது, அதிர்ந்தது, அடங்கியது. இருவரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள், அது இந்தத் தெருவின் பழக்கம். காத்திருந்த அந்த நேரம் முழுக்க அறவாழி இந்தத் தடவை ஒரு சாக்கையும் தேடவில்லை. தேடிப் பார்க்க அலுப்பாக இருந்தது.

"எனக்கு ப்ளேன்ல ஏறப் பயம், தமயந்தி," என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள், மூன்று திரைகளைப் பார்த்தாள், ப்ளைவுட் கூரையில் வரிசையாக இருந்த பொத்தான்களைப் பார்த்தாள். விளையாடறீங்களா என்று கேட்டாள். இல்லை என்று பம்பாய்க் கதையைச் சொன்னார். ஆரம்பித்ததும் நிற்கவில்லை, புது ஷூவிலிருந்து வயிற்று வலி வரைக்கும், மேகம் பஞ்சு மாதிரி இருந்தது என்ற பொய் வரைக்கும் சொல்லி முடித்தார். சொல்லும்போது உள்ளங்கை வியர்த்தது, ஆனால் மூச்சு போய் வந்துகொண்டிருந்தது.  தமயந்தியின் கண் கலங்கியிருந்தது. அது பரிதாபம் என்று அவர் நினைத்தார். கோபம்.

"நான் என்ன நினைச்சிட்டிருந்தேன் தெரியுமா?" என்றாள். "இந்த ரூமை விட்டுட்டு வர உங்களுக்கு மனசில்லன்னு நினைச்சேன். பெத்த பொண்ணைவிட இந்தப் பலகை பெருசாப் போச்சுன்னு. ராத்திரியெல்லாம் உங்களத் திட்டிட்டே படுத்திருந்தேன். பயம்னா பயம்னு சொல்றதுக்கு என்ன?"

 சொல்லியிருக்கலாம். பைலட் சார் எப்படிச் சொல்வார், அதனால் சொல்லவில்லை, அவ்வளவு அற்பமான காரணம்தான். அதை அவளிடம் அப்படியே சொன்னார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, காபி ஆறுது குடிங்க என்றாள். குடித்தார். இனிப்பு சரியாக இருந்தது. மனசு லேசாகிவிட்டது என்றெல்லாம் இல்லை, கதவு அங்கேயேதான் இருந்தது, அந்தப் பெண் அதை நோக்கி நடந்துகொண்டுதான் இருந்தாள், ஆனால் பக்கத்து சீட்டில் இப்போது பேப்பர் படிக்கிற முதலாளி இல்லை. ஹாலில் ஃபோன் அடித்தது. தமயந்தி எழுந்து போய் எடுத்து வந்தாள். அவரிடம் நீட்டினாள். நீயே சொல்லேன் என்று அவர் கண்ணால் கேட்டார்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "அவ உங்க பொண்ணு. நீங்களே சொல்லுங்க."

பூவிழியின் முகம் திரையில் வந்தது, போன வாரத்தைவிட இன்னும் கொஞ்சம் உப்பியிருந்தது. கால் வீக்கம், டாக்டரம்மா சொன்னது, மாப்பிள்ளை நாளைக்குக் காலையில் சுரங்கத்துக்குக் கிளம்புவது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, டிக்கெட் போட்டுடட்டுமாப்பா என்றாள். போடும்மா, ரெண்டு பேருக்கும் போடு என்றார். தன் குரல் தானாகவே வந்ததைக் கேட்டு அவருக்கே ஆச்சரியம். அந்தப் பக்கம் சாவிப்பலகை தட்டுகிற சத்தம் உற்சாகமாகக் கேட்டது. பெயர், வயது, சைவச் சாப்பாடு. அப்பாவுக்கு ஜன்னல் சீட்டு, இதையெல்லாமா கேக்கணும் என்று சிரித்தாள். சரிம்மா என்று சொல்லிவிட்டால் போதும், பேச்சு அதோடு முடிந்துவிடும். தமயந்தி ஸ்டூலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜன்னல் வேணாம்மா," என்றார் அறவாழி. "அம்மா பக்கத்துல போடு. நடைபாதை ஓரமா. அப்பாவுக்கு ப்ளேன்னா பயம்டா. ரொம்பப் பயம். இதுவரைக்கும் ஏறிப் பறந்ததே இல்ல. மேகத்தப் பத்தி உங்கிட்ட சொன்னது பொய்."

தட்டுகிற சத்தம் நின்றது.  திரையில் அவள் முகம் அசையாமல் இருந்தது, லைன் போய்விட்டதோ என்று அவர் ஃபோனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். அப்புறம் அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது, சின்ன வயதில் ஜுரத்தில் அழுவதற்கு முன்னால் கோணுகிற மாதிரியே.

"எனக்கும் பயமா இருக்குப்பா," என்றாள். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."